விக்டோரியா காலத்து ஆங்கிலேயக் கிராமம்: ஒரு வீட்டில் யார் யார், யாருக்கு என்ன வேலை?

விக்டோரியா காலம் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது ஓடிடியில் பார்த்த மாளிகைகள்தான். மாடியில் சீமாட்டி தேநீர் குடிப்பார், கீழே சமையலறையில் வேலைக்காரர்கள் ஓடிக்கொண்டிருப்பார்கள், ஞாயிற்றுக்கிழமை வண்டி கட்டிக்கொண்டு எல்லோரும் தேவாலயத்துக்குப் போவார்கள். அந்தத் தொடர்களில் கிராமம் என்பது ஜன்னலுக்கு வெளியே தெரியும் பச்சை நிறம், அவ்வளவுதான்.

இதோடு சேர்த்து மூன்று கருத்துகள் நம்மிடையே தாராளமாக உலவுகின்றன. இங்கிலாந்திலும் ஒரு காலத்தில் தாத்தா, பாட்டி, பெரியப்பா, சித்தப்பா என்று கூட்டுக் குடும்பம்தான் இருந்தது, தொழிற்சாலை வந்து அதை உடைத்துவிட்டது என்பது ஒன்று. கிராமத்து ஆண்கள் எல்லோரும் விவசாயிகள் என்பது இரண்டாவது. பெண்கள் வீட்டைப் பார்த்துக்கொண்டார்கள் என்பது மூன்றாவது. மூன்றுமே தவறு. எப்படித் தவறு என்று புரிய, அந்தக் கால அரசாங்கமே எழுதிவைத்த ஏட்டைப் படிக்கத் தெரிந்தால் போதும். அதைப் படிப்பதில்தான் சில கண்ணிகள் இருக்கின்றன.

விக்டோரியா அரசியாக இருந்தது 1837 ஜூன் முதல் 1901 ஜனவரி வரை. 63 ஆண்டுகளுக்கு மேல். இவ்வளவு நீண்ட காலத்தை ஒரே மாதிரி பேச முடியாது. அதனால் பெரும்பாலும் நடுப்பகுதியை, 1850க்கும் 1875க்கும் இடைப்பட்ட காலத்தை எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு ராத்திரியின் கணக்கு

இங்கிலாந்தில் 1801 முதல் பத்து ஆண்டுக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடக்கிறது. முதல் நாலு தடவை அடிப்படையில் தலைகளை எண்ணியதோடு சரி. 1841இல்தான் நாடு முழுவதும் ஒவ்வொருவரின் பெயரும் ஏட்டில் ஏறியது. 1851இல் இன்னும் விரிவாகக் கேட்டார்கள்: வீட்டுத் தலைவருக்கு என்ன உறவு, கல்யாணம் ஆயிற்றா, சரியான வயது என்ன, என்ன தொழில், எங்கே பிறந்தவர்.

நம் ரேஷன் கார்டை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே குடும்பத் தலைவர் பெயர், கீழே மற்றவர்கள், பக்கத்தில் உறவும் வயதும். ஏறக்குறைய அதே அமைப்பு. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. சென்னையில் வேலை பார்க்கும் மகனின் பெயர் ஊரில் இருக்கும் கார்டில் இன்னமும் இருக்கும். ஆங்கிலேயக் கணக்கெடுப்பில் அது நடக்காது. குறிப்பிட்ட ஒரு ராத்திரி அந்த வீட்டில் தங்கியவர் யாரோ, அவர் பெயர்தான் அங்கே. 1851இல் அந்த ராத்திரி மார்ச் 30. அன்றைக்கு விருந்தாளியாக வந்த அத்தை உள்ளே வந்துவிடுவார். வேறு ஊரில் வேலைக்குப் போன மகள் இந்த வீட்டில் இருக்கமாட்டாள், அங்கே இருப்பாள்.

வேலை நடந்த விதம் எளிமையானது. சில நாள் முன்பே கணக்கெடுப்பாளர் வீடு வீடாகப் படிவம் கொடுத்துவிடுவார். அந்த ராத்திரிக்கு மறுநாள் காலையில் வந்து வாங்குவார். எழுதத் தெரியாதவர்களுக்கு அவரே நிரப்பிக் கொடுப்பார். பிறகு எல்லாவற்றையும் ஒரு ஏட்டில் பிரதி எடுப்பார். விக்டோரியா காலத்துப் படிவங்கள் பின்னாளில் அழிக்கப்பட்டுவிட்டன. நாம் இன்று படிப்பது அந்தப் பிரதி ஏட்டைத்தான். பக்கம் பக்கமாக ஒரே சொல்லை எழுதிக் கை வலிக்கும் என்று அரசாங்கத்துக்கே தெரிந்திருந்தது. விவசாயக் கூலியை ‘ஆக். லாப்.’ என்று சுருக்கி எழுதலாம் என 1841இல் அதிகாரபூர்வமாகவே அனுமதி கொடுத்தார்கள். கிராமப்புற ஏடுகளைப் புரட்டினால் அந்தச் சுருக்கம் மழைபோலப் பொழிந்திருக்கும்.

ஆக, இதுவரை சொன்னதில் நினைவில் கொள்ள வேண்டியது இரண்டே விஷயம். ஏடு ஒரு ராத்திரியின் படம். அதில் தொழிலுக்கு ஒதுக்கியது ஒரே ஒரு சிறு கட்டம்.

ஒரு பக்கம், மூன்று வீடுகள்

அந்த ஏட்டில் ஒரு வீட்டுத் தலைவரின் கீழ் பட்டியலிடப்பட்டவர்கள் அனைவரும் சேர்ந்தது ஒரு குடித்தனம். இரத்த உறவு இருக்க வேண்டும் என்பதில்லை. வேலைக்காரப் பெண், தொழில் கற்க வந்த பையன், காசு கொடுத்துத் தங்கிச் சாப்பிடுபவர் எல்லோரும் அதில் அடக்கம்.

இங்கிலாந்தின் நடுப்பகுதியில், நார்தாம்ப்டன்ஷயர் பக்கம் ஒரு கிராமம் என்று வைத்துக்கொள்வோம். 1851ஆம் ஆண்டு ஏட்டில் ஒரு பக்கம். இது நானாக உருவாக்கிய மாதிரிப் பக்கம்தான், ஆனால் அந்தப் பகுதி ஏடுகளைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் எதுவும் இருக்காது.

முதல் வீடு பண்ணை வீடு. தலைவருக்கு வயது 46. தொழில்: ‘210 ஏக்கர் பண்ணையாளர், 7 ஆண்களையும் 3 சிறுவர்களையும் வேலைக்கு வைத்திருப்பவர்’. எத்தனை ஏக்கர், எத்தனை ஆள் என்று எழுதச் சொல்லி 1851இல் உத்தரவே உண்டு. மனைவி, நாலு பிள்ளைகள், கல்யாணமாகாத மச்சினி. அப்புறம் 17 வயது வீட்டு வேலைக்காரப் பெண், 21 வயதில் பால் கறந்து வெண்ணெய் எடுக்கும் பெண், 19, 15 வயதில் இரண்டு பண்ணையாட்கள். மொத்தம் 11 பேர்.

இரண்டாவது வீடு. தலைவர் விவசாயக் கூலி, வயது 38. மனைவி, 36, லேஸ் பின்னுபவர். மகன், 14, உழவுக்கு உதவும் பையன். இன்னொரு மகன், 11, விவசாயக் கூலி. மகள், 8, லேஸ் பின்னுபவள். மகன், 6, பள்ளி மாணவன். ஒரு வயதுக் குழந்தை ஒன்று. கடைசியில் 24 வயது ஆள் ஒருவர், காசு கொடுத்துத் தங்குபவர். 8 பேர். வீட்டில் படுக்கையறை ஒன்று, மிஞ்சினால் இரண்டு.

மூன்றாவது வீட்டில் இரண்டே பேர். 71 வயது விதவை, தொழில் கட்டத்தில் ‘நிவாரணம் பெறும் ஏழை’. கூடவே 9 வயதுப் பேத்தி.

இப்போது கூட்டுக் குடும்பத்தைத் தேடுங்கள். கிடைக்காது. கேம்பிரிட்ஜில் வரலாற்றாளர் பீட்டர் லாஸ்லெட்டும் அவர் கூட்டாளிகளும் பழைய ஆவணங்களை வைத்துக் கணக்குப் பார்த்தபோது, 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி தொட்டு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை ஆங்கிலேயக் குடித்தனத்தின் சராசரி அளவு 5க்குச் சற்றுக் கீழேயே நின்றது என்று தெரியவந்தது. தொழிற்சாலை உடைக்க அங்கே கூட்டுக் குடும்பமே இல்லை.

காரணம் எளிது. கல்யாணம் செய்துகொண்டால் தனி வீடு போட வேண்டும் என்பது அங்கே வழக்கம். தனி வீடு போடக் கையில் காசு வேண்டும். அதனால் ஆணும் பெண்ணும் 25 வயதையொட்டித்தான் கல்யாணம் செய்துகொண்டார்கள். அதுவரை? பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் வேறொருவர் வீட்டில் வேலை.

இரண்டாவது வீட்டில் 14 வயதுக்கு மேற்பட்ட பிள்ளை யாரும் இல்லையே, கவனித்தீர்களா? 36 வயதுத் தாய்க்கு அதற்கு மூத்த மகள் ஒருத்தி இருந்திருக்கலாம். அவள் வேறு ஏதோ ஊர்ப் பண்ணை வீட்டில், முதல் வீட்டில் இருக்கும் அந்த 17 வயதுப் பெண்ணைப் போல, இன்னொரு குடித்தனத்தின் பட்டியலில் இருப்பாள். பெண்பிள்ளைக்கு 12, 13 வயது ஆனதும் வேலைக்கு அனுப்பிவிடுவார்கள். சம்பளம் சொற்பம். ஆனால் வீட்டில் சாப்பிடும் வாய் ஒன்று குறைகிறது, படுக்க ஓர் இடம் மிஞ்சுகிறது. கிராம ஏடுகளில் 13 முதல் 25 வயதுவரை கூலிக்காரர் வீட்டுப் பெண்கள் அதிகம் தென்படாததன் ரகசியம் இதுதான்.

மூன்றாவது வீட்டுப் பேத்தியும் இதே கதையின் வால்தான் என்று ஊகிக்கலாம். வேலைக்குப் போன இடத்தில் கல்யாணமாகாமலே குழந்தை பெற்ற பெண், குழந்தையைத் தாயிடம் விட்டுவிட்டு மறுபடி வேலைக்குப் போவது அங்கே சாதாரணமாக நடந்தது.

சுருக்கமாகச் சொன்னால், பெரிய குடித்தனம் என்பது வசதியின் அடையாளம், உறவின் அடையாளம் அல்ல. ஏழை வீட்டுப் பிள்ளைகள்தான் வசதியான வீடுகளின் எண்ணிக்கையைக் கூட்டினார்கள்.

‘பண்ணையாளர்’ என்றால் நிலத்துக்குச் சொந்தக்காரர் அல்ல

ஆங்கிலேயக் கிராமத்து நிலம் மூன்று அடுக்காக இயங்கியது. மேலே நிலக்கிழார். நாட்டு நிலத்தின் பெரும்பகுதி சில ஆயிரம் குடும்பங்களிடம் குவிந்திருந்தது. அவர் உழமாட்டார், பல சமயம் ஊரிலேயே இருக்கமாட்டார். நடுவில் குத்தகைப் பண்ணையாளர். நூறு, இருநூறு, ஐந்நூறு ஏக்கர் குத்தகைக்கு எடுத்து, மாடு, குதிரை, விதை எல்லாம் தன் முதலில் போட்டு, ஆள் வைத்து விவசாயம் செய்பவர். கீழே கூலிக்காரர். அவருக்கு நிலமே கிடையாது. சொந்த நிலத்தைத் தானே உழுது வாழும் சிறு விவசாயி, நாம் கிராமம் என்றதும் நினைப்பவர், இங்கிலாந்தின் பெரும்பகுதியில் அரிதாகிவிட்டார். பொது மேய்ச்சல் நிலங்களுக்கும் திறந்த வயல்களுக்கும் வேலி போட்டுத் தனியாருக்குப் பிரித்துக்கொடுத்த வேலை 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் அநேகமாக முடிந்துவிட்டது.

ஆகவே கிராமத்து ஆண்கள் எல்லோரும் விவசாயிகள் என்பது தவறு. பெரும்பாலானோர் கூலிக்காரர்கள். 1851 கணக்கெடுப்பில் நாட்டிலேயே மிகப் பெரிய தொழில் பிரிவு விவசாயக் கூலிகள்தான். அடுத்த இடம் வீட்டு வேலைக்காரர்களுக்கு.

‘ஆக். லாப்.’ என்ற சொல்லுக்குள் யார் யார்?

இந்தச் சுருக்கம் எழுதுபவரின் கையைக் காப்பாற்றியது, படிப்பவரைக் கெடுத்தது. ஏனென்றால் அதற்குள் பல தரப்பினர் அடங்கியிருக்கிறார்கள்.

குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆள், ஆட்டிடையர், மாட்டுக்காரர் ஆகியோருக்குக் கூலி கொஞ்சம் கூடுதல். மழை பெய்தாலும் குதிரை சாப்பிட்டாக வேண்டும் என்பதால் இவர்களுக்கு ஆண்டு முழுவதும் வேலை. கூடவே பண்ணையைச் சேர்ந்த ஒரு குடிசையும் கிடைக்கலாம். அதில் ஒரு சிக்கல்: வேலை போனால் வீடும் போய்விடும். மற்றவர்கள் அன்றாடக் கூலிகள். வேலி கட்டுவது, வாய்க்கால் வெட்டுவது, களை எடுப்பது, அறுவடை. மழை நாளில் வேலை இல்லை, கூலியும் இல்லை.

கூலி எவ்வளவு? 1850–51இல் ஜேம்ஸ் கெயர்ட் என்பவர் டைம்ஸ் நாளிதழுக்காக மாவட்டம் மாவட்டமாகச் சுற்றிப் பார்த்து எழுதினார். வடக்கு மாவட்டங்களில் சராசரி வாரக் கூலி 11 ஷில்லிங் 6 பென்ஸ். தெற்கில் 8 ஷில்லிங் 5 பென்ஸ். (12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்ட்.) தெற்கில்தான் மண்ணும் வெயிலும் கோதுமைக்கு வாகு. இருந்தும் கூலி ஏன் குறைவு? வடக்கில் சுரங்கமும் பஞ்சாலையும் ஆளுக்குப் போட்டி போட்டன. அங்கே பண்ணையாளர் கூலியைக் குறைத்தால் ஆள் ஆலைக்குப் போய்விடுவான். தெற்கில் போக இடம் இல்லை.

கூலிக்காரர் குடும்பத்தில் வரவில் பாதியோ அதற்கு மேலோ ரொட்டிக்கே போய்விடும். வார வாடகை ஒரு ஷில்லிங் முதல் இரண்டு ஷில்லிங்வரை. வயலுக்குப் போட்டுப்போகும் கனமான பூட்ஸ் ஒரு ஜோடி வாங்க ஒரு வாரக் கூலி போதாது. அப்படியானால் எப்படிப் பிழைத்தார்கள்? அப்பாவின் கூலியை மட்டும் வைத்துப் பிழைக்கவில்லை என்பதுதான் பதில். அறுவடை மாதத்தில் கூலி கூடும், அந்தக் காசு பூட்ஸுக்கும் பழைய கடனுக்கும். கொல்லையில் உருளைக்கிழங்கு. பின்கட்டில் ஒரு பன்றி. பன்றித் தீவனத்துக்கு மாவு ஆலைக்காரரிடம் கடன் வைத்திருப்பார்கள். பன்றியை அடிக்கும்போது பாதி அவருக்குப் போய்விடுவதும் உண்டு.

வடக்கிலும் மேற்கிலும் கல்யாணமாகாத இளைஞர்கள் பண்ணையிலேயே தங்கிச் சாப்பிட்டு ஆண்டுக் கணக்கில் வேலை செய்தார்கள். அதற்கு ஆள் சேர்க்கும் சந்தை ஒன்று ஆண்டுக்கு ஒருமுறை, பொதுவாக இலையுதிர் காலத்தில், பக்கத்துச் சிறுநகரில் கூடும். வண்டிக்காரன் தொப்பியில் சாட்டைக் கயிற்றைச் சுற்றியிருப்பான், இடையன் கொஞ்சம் ஆட்டு ரோமத்தைச் செருகியிருப்பான், என்ன வேலை தெரியும் என்று பார்த்ததுமே தெரிய. பேரம் படிந்தால் பண்ணையாளர் முன்பணமாக ஒரு நாணயம் கொடுப்பார். வாங்கிவிட்டால் ஒரு வருடத்துக்கு அவர் ஆள். தெற்கிலும் கிழக்கிலும் இந்த வழக்கம் அதற்குள் தேய்ந்துவிட்டது. நெப்போலியன் போர்க் காலத்தில் கோதுமை விலை ஏறியபோது, ஆட்களுக்குச் சோறு போடுவதைவிடக் காசு கொடுத்து அனுப்புவதே லாபம் என்று பண்ணையாளர்கள் கண்டுகொண்டார்கள்.

நடந்துபோகும் தூரமும் கிராமத்துக்குக் கிராமம் மாறும்

பாரிஷ் என்பது ஒரு தேவாலயத்தைச் சுற்றிய ஊர் எல்லை. ஏழைகளுக்கு நிவாரணம் கொடுக்க வேண்டிய செலவு நெடுங்காலம் அந்தந்தப் பாரிஷின் தலையில் இருந்தது. இதனால் ஒரு தந்திரம் பிறந்தது. முழுப் பாரிஷும் ஒரே நிலக்கிழாருக்குச் சொந்தம் என்றால், அவர் கூலிக்காரர்களுக்கு வீடு கட்டமாட்டார், இருக்கும் குடிசைகளையும் இடித்துவிடுவார். குடியிருப்பவர் குறைந்தால் நிவாரண வரியும் குறையும் அல்லவா? இவற்றை மூடிய கிராமங்கள் என்பார்கள். பல சிறு சொத்துக்காரர்கள் இருந்த பாரிஷில் நெருக்கியடித்துக் குடிசை கட்டி வாடகைக்கு விட்டார்கள். அவை திறந்த கிராமங்கள். திறந்த கிராமத்தில் படுத்து, விடியுமுன் எழுந்து, மூன்று நாலு மைல் நடந்து மூடிய கிராமத்துப் பண்ணையில் வேலை செய்துவிட்டு அதே தூரம் திரும்பி நடந்தார்கள். 1865இல் ஒரு சட்டம் அந்தச் செலவைப் பல பாரிஷ்கள் சேர்ந்த ஒன்றியத்தின் பொதுப் பொறுப்பாக்கியது. தந்திரத்துக்குக் காரணம் போயிற்று, இடித்த வீடுகள் உடனே எழுந்துவிடவில்லை.

இன்றைக்குப் படத்தில் பார்க்க அழகாக, ஒரே பாணியில் இருக்கும் ஆங்கிலேயக் கிராமங்களில் சில இப்படி மூடிவைத்ததால் அழகாக இருப்பவை. எனக்கு அந்தப் புகைப்படங்களைப் பார்க்கும்போதெல்லாம் கூட்டமே இல்லாத அந்தத் தெருதான் உறுத்தும்.

கொல்லரும் தச்சரும் மற்றவர்களும்

நானூறு ஐந்நூறு பேர் உள்ள ஊரில் கொல்லர், தச்சர், தையற்காரர், செருப்புத் தைப்பவர், கொத்தனார், மாவு அரைப்பவர், கூரை வேய்பவர், மதுக்கடைக்காரர் என்று இருப்பார்கள். இவர்களில் செருப்புத் தைப்பவர்களே பெரும்பாலும் எண்ணிக்கையில் அதிகம், அத்தனை பேரும் சேற்றில் நடப்பவர்கள். மதகுரு, பள்ளி ஆசிரியை, சில இடங்களில் மருத்துவர் என்று படித்த வர்க்கம் விரல்விட்டு எண்ணும் அளவுதான்.

இங்கே ஒரு கண்ணி. கட்டம் ஒன்றுதான், ஆனால் தொழில் ஒன்று மட்டும் இருந்ததில்லை. மதுக்கடைக்காரர் பகலில் தச்சராக இருப்பார். செருப்புத் தைப்பவர் தேவாலய மணியும் அடிப்பார், குழியும் தோண்டுவார். சிலர் இரண்டையும் எழுதினார்கள், பலர் ஒன்றோடு விட்டுவிட்டார்கள்.

எந்தத் தொழிலும் தனியாக நிற்கவில்லை என்பதற்கு வண்டிச் சக்கரமே சாட்சி. நடுவிலுள்ள குடத்துக்கு எல்ம் மரம், ஏனென்றால் அதன் நார்கள் பின்னிக்கொண்டு இருப்பதால் துளை போட்டாலும் பிளக்காது. ஆரக்காலுக்கு ஓக், எடை தாங்கும். வெளிவட்டைக்கு ஆஷ், அதிர்ச்சியை வாங்கி வளைந்து கொடுக்கும். இதுவரை தச்சர் வேலை. அப்புறம் கொல்லர் கைப்பிடி வைத்த ஒரு சிறு சக்கரத்தை வட்டையின் ஓரமாக உருட்டிச் சுற்றளவை எடுப்பார். இரும்புப் பட்டையை அதைவிடக் கொஞ்சம் சின்னதாகவே செய்வார். நெருப்பில் போட்டால் இரும்பு விரியும். விரிந்து சிவந்த பட்டையை இரண்டு மூன்று பேர் இடுக்கியால் தூக்கிச் சக்கரத்தின் மேல் இறக்குவார்கள். மரம் பற்றி எரியத் தொடங்குவதற்குள் வாளி வாளியாகத் தண்ணீர். ஆவியும் புகையும் கிளம்ப, இரும்பு சுருங்கி மரத்தை இறுக்கும், மூட்டுகள் படபடவென்று நெரியும். ஓர் ஆணிகூட இல்லாமல் சக்கரம் ஒரே துண்டாகிவிடும். இத்தனைக்கும் ஏட்டில் இருவருக்கும் ஆளுக்கொரு சொல்தான்.

ஏட்டில் பாதி தெரியும் பெண்கள்

மிகப் பெரிய கண்ணி இதுதான். கணவனோடு சேர்ந்து வேலை செய்து தனிக் கூலி வாங்காத மனைவி, பிள்ளைகளின் தொழிலை எழுத வேண்டியதில்லை என்று 1841இல் கணக்கெடுப்பாளர்களுக்குச் சொல்லிவிட்டார்கள். பண்ணையாளரின் மனைவிதான் பால், வெண்ணெய், கோழி, வேலைக்காரர் சாப்பாடு எல்லாவற்றையும் நடத்தினார். அந்தக் கட்டம் வெறுமையாகவே கிடக்கும்.

காலமும் சதி செய்தது. 1851 முதல் கணக்கெடுப்பு மார்ச் கடைசியிலோ ஏப்ரல் தொடக்கத்திலோ நடந்தது. பெண்கள் வைக்கோல் உலர்த்தியதும், கதிர்க்கட்டு கட்டியதும், கிழங்கு தோண்டியதும் கோடையிலும் இலையுதிர் காலத்திலும். ஏப்ரலில் கேட்டால் ‘வேலை இல்லை’.

அறுவடை முடிந்த வயலில் சிந்திய கதிர் பொறுக்கும் உரிமை கூலிக்காரக் குடும்பங்களுக்கு வழக்கமாக இருந்தது. சில ஊர்களில் காலையில் தேவாலய மணி அடித்த பிறகுதான் எல்லோரும் ஒன்றாக வயலுக்குள் போகலாம். தாயும் பிள்ளைகளும் குனிந்த இடுப்பு நிமிராமல் பொறுக்கிச் சேர்த்தது பல வாரங்களுக்கு ரொட்டி மாவாகும். எந்தக் கட்டத்திலும் அது இல்லை.

கூலிக்குச் செய்த வீட்டுத் தொழில்கள் மட்டும் ஓரளவு ஏட்டில் ஏறின. பெட்ஃபோர்ட்ஷயர், பக்கிங்ஹாம்ஷயர், நார்தாம்ப்டன்ஷயர் பக்கம் லேஸ் பின்னல். லூட்டன், டன்ஸ்டபிள் ஊர்களின் தொப்பித் தொழிலுக்காக அவற்றைச் சுற்றிய கிராமங்களில் கோதுமை வைக்கோல் பின்னல். ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் வுட்ஸ்டாக் பக்கம் கையுறை தைத்தல். டார்செட்டில் கையால் செய்த நூல் பொத்தான், அதை இயந்திரப் பொத்தான் வந்து ஒரேயடியாக ஒழித்தது.

லேஸ் பின்னும் வீட்டுக்குள் குளிர்கால மாலையில் போனால் ஒரு மெழுகுவத்தியைச் சுற்றிப் பலர் உட்கார்ந்திருப்பார்கள். மெழுகுவத்திக்கும் ஒவ்வொருவருக்கும் நடுவே தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குடுவை. குடுவை ஒளியைக் குவித்து மடியிலுள்ள திண்டின் மேல் ஒரு சிறு வட்டமாக விழவைக்கும். அந்த வட்டத்துக்குள் ஊசிகளும், எலும்பிலோ மரத்திலோ செய்த டஜன் கணக்கான நூல் கட்டைகளும். ஆறேழு வயதுச் சிறுமிகள் இதற்கென்றே இருந்த ‘லேஸ் பள்ளி’களில் உட்கார்ந்து பின்னினார்கள். பள்ளி என்ற பெயர், எழுத்து கொஞ்சம்தான், வேலை நிறைய. சந்தை நன்றாக இருந்த ஆண்டுகளில் வைக்கோல் பின்னும் மனைவியும் மகள்களும் சேர்ந்து கணவன் கூலிக்குச் சமமாகவோ மேலாகவோ கொண்டுவந்தார்கள். பிறகு நாட்டிங்ஹாம் இயந்திர லேஸும், சீனாவிலிருந்து வந்த மலிவுப் பின்னலும் அதை நொறுக்கின.

கிழக்கு மாவட்டங்களில் இன்னொரு கொடுமை. ஒரு மேஸ்திரி பெண்களையும் பிள்ளைகளையும் கும்பலாகச் சேர்த்துப் பண்ணை பண்ணையாகக் களையெடுக்கவும் கல் பொறுக்கவும் கூட்டிப்போவார். நார்ஃபோக்கில் காசில் ஏக்கர் என்ற திறந்த கிராமம் இதற்குப் பேர்போனது. 1867இல் வந்த சட்டம் 8 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களை இந்தக் கும்பல்களில் சேர்க்கத் தடை விதித்தது. எட்டுக்குக் கீழ் என்று சட்டம் போட வேண்டியிருந்தது என்பதிலேயே நிலைமை தெரிகிறது.

இந்தப் பகுதியின் சாரம்: பெண்ணின் கட்டம் வெறுமையாக இருந்தால் அவர் சும்மா இருந்தார் என்று படிக்காதீர்கள். யாரும் கேட்கவில்லை என்று படியுங்கள்.

பிள்ளைகளும் முதியவர்களும்

‘பள்ளி மாணவன்’ என்ற சொல்லையும் அப்படியே நம்ப வேண்டாம். அறுவடைக்குப் பள்ளி மூடிவிடும், கிழங்கு தோண்டும் காலத்தில் வகுப்பில் பாதிப் பேர் இருக்கமாட்டார்கள். 1870 கல்விச் சட்டத்துக்குப் பிறகு பள்ளிகள் பெருகின. 1880இல் 5 முதல் 10 வயதுவரை கட்டாயமாயிற்று, 1891இல் கட்டணம் பெரும்பாலும் ஒழிந்தது. அதற்கு முன்பு ஒரு பையனின் வாழ்க்கை எப்படித் தொடங்கும் என்பதற்கு ஜோசப் ஆர்ச் உதாரணம். வார்விக்ஷயரில் பார்ஃபர்ட் கிராமத்தில் 1826இல் பிறந்தவர். ஒன்பது வயதில் வயலில் பறவை விரட்டும் வேலைக்குப் போனார். நாளுக்கு 12 மணி நேரம், கூலி 4 பென்ஸ்.

முதியவர்களின் நிலை 1834 ஏழையர் சட்டத்தைப் பொறுத்தது. பல பாரிஷ்கள் சேர்ந்து ஓர் ஏழையர் விடுதி கட்டின. கதியற்றவர்கள் அங்கே போய்த் தங்கி வேலை செய்து சாப்பிட வேண்டும். கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம் என்று பிரித்துவைப்பார்கள். யாரும் விரும்பி வரக்கூடாது என்பதற்காகவே அப்படி. நடைமுறையில் கிராமத்து முதியவர் பலருக்கு வீட்டிலிருந்தபடியே வாரத்துக்குச் சில ஷில்லிங்கோ ரொட்டியோ கிடைத்தது. நம் மூன்றாவது வீட்டு விதவை அந்த வகை. மகன் வீட்டில் ஏன் இல்லை என்று நமக்குத் தோன்றும். மகன் வீடும் நம் இரண்டாவது வீட்டைப் போலத்தான் இருக்கும்: எட்டுப் பேர், இரண்டு படுக்கையறை, வாரத்துக்கு எட்டரை ஷில்லிங். முதியோர் ஓய்வூதியம் வந்தது விக்டோரியா இறந்த பிறகு, 1909 ஜனவரியில்.

இது எப்படிக் கலைந்தது?

அந்தப் பறவை விரட்டிய பையன் வளர்ந்து, வேலி வெட்டுவதில் தேர்ந்த தொழிலாளியாகி, 1872 பிப்ரவரி 7 அன்று வெல்ஸ்போர்ன் கிராமத்தில் ஒரு செஸ்ட்நட் மரத்தடியில் கூலிக்காரர் கூட்டத்தில் பேசினார். அதே ஆண்டில் தேசிய விவசாயத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. 1874 வாக்கில் 80,000க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள். அதே ஆண்டு கிழக்கு மாவட்டப் பண்ணையாளர்கள் சங்கத்தில் சேர்ந்தவர்களுக்கு வேலை மறுத்துக் கதவடைப்புச் செய்ததில் சங்கம் நிலைகுலைந்தது. கிராமக் கூலிகளுக்கு வாக்குரிமை கொடுத்த 1884 சட்டத்துக்குப் பிறகு, 1885இல் ஆர்ச் நாடாளுமன்ற உறுப்பினரானார்.

ஆனால் கிராமத்தைக் காலி செய்தது சங்கம் அல்ல, விலை. அமெரிக்கப் புல்வெளிக் கோதுமை ரயிலிலும் கப்பலிலும் வந்து குவிந்தது. 1879இல் ஓயாத மழையில் விளைச்சல் அழுகியது. 1870களின் தொடக்கத்தில் ஒரு குவார்ட்டர் (தானியம் அளக்கும் பழைய ஆங்கிலேய அளவு) கோதுமை 50 ஷில்லிங்குக்கு மேல் விற்றது, 1894இல் 23 ஷில்லிங்குக்கும் கீழே இறங்கியது. பண்ணையாளர்கள் உழவு நிலத்தைப் புல்லுக்கு விட்டார்கள், புல்லுக்கு ஆள் அதிகம் தேவையில்லை. இளைஞர்கள் ரயில்வேக்கும் போலீஸுக்கும் நகரத்துக்கும் கனடாவுக்கும் நியூசிலாந்துக்கும் போனார்கள். நார்தாம்ப்டன் தொழிற்சாலை பூட்ஸ் வந்தபின் செருப்புத் தைப்பவர் பழுதுபார்ப்பவராகச் சுருங்கினார்.

ஏடும் மாறியது. 1891இல் முதலாளியா, தொழிலாளியா என்று தனியாகக் கேட்டார்கள். ஐந்துக்கும் குறைவான அறைகள் உள்ள வீடு என்றால் எத்தனை அறை என்று எழுதச் சொன்னார்கள். நெருக்கடியை நாம் இனி ஊகிக்க வேண்டியதில்லை, எண்ணாகவே இருக்கிறது.

சரி, ஆர்வம் உள்ளவர்கள் இந்த ஏடுகளை இணையத்திலேயே பார்க்கலாம். நூறு ஆண்டு கழித்துத்தான் பொதுப் பார்வைக்குத் திறப்பார்கள் என்பதால் இப்போது 1921 வரை கிடைக்கிறது. முதன்முறை பார்ப்பவர்கள் 1851இலோ 1881இலோ தொடங்குவது நல்லது. 1841இல் உறவுமுறை கிடையாது, 15க்கு மேற்பட்ட வயதையும் ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். 34 வயதுக்காரர் அங்கே 30 ஆகிவிடுவார்.